சின்டரிங்கும் ஹிப்பும் ஒரே ஃபர்னஸ்ல: 6 சதவீத கோபால்ட் சீல் ரிங்குக்கு சைக்கிள் செட் பண்ணின அனுபவம்

பம்ப்புக்குள்ள இருக்கற மெக்கானிக்கல் சீல் ரிங் பாத்திருப்பீங்க, ரெண்டு வளையம் முகத்தோட முகம் உரசிக்கிட்டே ஓடும், ஒண்ணு கார்பன், இன்னொண்ணு டங்ஸ்டன் கார்பைடு, சேறும் மணலும் கலந்த தண்ணின்னா ரெண்டுமே கார்பைடு தான். அந்த உரசுற முகத்தை லேப்பிங் (நைசா தேய்ச்சு மெருகேத்தறது) போட்டு ரெண்டு மூணு ஹீலியம் லைட் பேண்டுக்குள்ள தட்டையாக்கணும், ஒரு பேண்டுங்கறது 0.29 மைக்ரான். அப்படி முகம் பாக்கற அளவுக்கு பளபளன்னு ஆன அப்புறம் தான் பிரச்சனையே வெளிய வரும். சின்டரிங், அதாவது அச்சுல அழுத்தின பவுடரை சூடு ஏத்தி கெட்டியாக்கறது, முடிஞ்சு டிரேல இருந்து எடுக்கும்போது ரிங் அழகா இருக்கும், கிரைண்டிங்லயும் ஒண்ணும் தெரியாது, எல்லா செலவும் பண்ணி முடிச்சு லேப்பிங் டேபிள்ல வச்சு பாத்தா ஊசி குத்தின மாதிரி புள்ளி புள்ளியா ஓட்டை. அதை ரிப்பேர் பண்ண வழி கிடையாது, ஸ்க்ராப்ல தான் போகும்.

நாங்க இருக்கறது கோயமுத்தூர் பக்கம், சுத்தி பம்ப் கம்பெனி தான், அதனால சீல் ரிங் ஆர்டருக்கு கொறை இல்ல. எங்க மெயின் கிரேடு 6 சதவீத கோபால்ட், மீதி டங்ஸ்டன் கார்பைடு. கோபால்ட் 15, 20 இருக்கற கிரேடுன்னா சூட்டுல உருகின கோபால்ட் திரவம் நெறைய ஓடும், ஓட்டை தானா மூடிக்கும், வேக்கம் சின்டரிங்கே போதும். 6 வரைக்கும் கீழ வந்தா திரவம் கொஞ்சம், எல்லா மூலைக்கும் போய் சேராது, அங்கங்க ஒண்ணு ரெண்டு ஓட்டை நின்னுடும். முன்ன இதுக்கு என்ன பண்ணிட்டு இருந்தோம்னா, இங்க வேக்கம் சின்டரிங் முடிச்சு, பீஸை வெளிய ஜாப் வொர்க்குக்கு அனுப்பி தனியா ஹிப் (சூட்டோட எல்லா பக்கமும் கேஸ் அழுத்தம் குடுத்து உள்ள இருக்கற ஓட்டைய மூடறது) போட்டு வாங்குவோம், 1000 பார் ஆர்கான், 1300 டிகிரி சொச்சம். ஓட்டை மூடும், சந்தேகமே இல்ல. ஆனா ரெண்டாவது தடவ சூடு ஏத்தறதால கார்பைடு கிரெய்ன் (துகள்) கொஞ்சம் வளரும், ஹார்ட்னஸ் இறங்கும், போக்குவரத்து, பேக்கிங், காத்திருப்பு, அதுக்கு மேல ஹிப் சார்ஜ் வேற. ரெண்டு வேலையையும் ஒரே ஃபர்னஸ்ல முடிக்கற சின்டர் ஹிப் ஃபர்னஸ் எங்க ஷாப்புக்கு வந்தது அந்த காரணத்தால தான், 60 பார் வரைக்கும் தாங்கும், ஓட்டறது 50 பார்ல. அதுக்கு சைக்கிள் எப்படி செட் பண்ணினோம், எதுல எல்லாம் மாட்டினோம்னு எழுதி வைக்கறேன், இதே வேலைல இருக்கறவங்களுக்கு உதவும்னு நம்பறேன், ஏன்னா தமிழ்ல இதைப் பத்தி நான் தேடினப்ப உருப்படியா எதுவும் கெடைக்கல.

மொதல்ல எல்லாரும் கேக்கற கேள்வி, 1000 பார்ல பண்ணின வேலைய 50 பார் எப்படி பண்ணும்? நானும் இதை பேப்பர் பேனா வச்சு போட்டு பாத்த அப்புறம் தான் நம்பினேன். தனியா போடற ஹிப்ல பீஸ் ஏற்கனவே ஒரு தடவ உறைஞ்சு கெட்டியானது, கார்பைடு எலும்புக்கூடு மாதிரி ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு நிக்கும், அதை அசைக்க பெரிய அழுத்தம் வேணும். சின்டர் ஹிப்ல கோபால்ட் உருகி திரவமா இருக்கற நேரத்துலயே அழுத்தம் போகுது, கிரெய்ன் எல்லாம் இன்னும் நகர்ந்துக்கிட்டு இருக்கு. இதுல திரவத்தோட பரப்பு இழுவிசைய கணக்கு பண்ணுங்க, உருகின கோபால்ட்டுக்கு அது மீட்டருக்கு ஏறக்குறைய 1.8 நியூட்டன். 1 மைக்ரான் ஆரம் உள்ள ஓட்டைய அந்த இழுவிசையே 36 பார் அளவு அழுத்தத்தோட உள்ள இழுத்து மூடும். அதே ஓட்டை 10 மைக்ரான் ஆரம்னா வெறும் 3.6 பார் தான். அதாவது சின்ன ஓட்டை தானா மூடிக்கும், பெரிய ஓட்டைக்கு தான் இழுக்க ஆள் இல்ல. அந்த 3.6 கூட வெளிய இருந்து 50 சேத்து குடுத்தா பதினஞ்சு மடங்கு ஆயிடுது, அது போதும். லேப்பிங்ல கண்ணுக்கு தெரியற ஓட்டை எல்லாம் இந்த பெரிய ஜாதி தான்.

இன்னொரு விஷயமும் சொல்லிடறேன், ஏன்னா மொத்த சைக்கிளும் இது மேல தான் நிக்குது. ஹிப்புன்னு ஒண்ணை 1955ல அமெரிக்கால கொலம்பஸ்ல இருக்கற பேட்டெல் நிறுவனத்துல கண்டுபுடிச்சப்ப, அணு உலை எரிபொருளுக்கு உலோக உறை ஒட்ட வைக்கறதுக்காக தான் பண்ணினாங்க. பின்னால அதையே பவுடருக்கு கொண்டு வந்தப்ப பவுடரை ஒரு உலோக கேன்ல அடைச்சு, உள்ள இருக்கற காத்தை உறிஞ்சி, சீல் பண்ணி தான் அழுத்தத்துல வைக்கணும்னு ஆச்சு. கேன் இல்லன்னா கேஸ் பவுடர் நடுவுல பூந்துடும், உள்ளயும் வெளியயும் ஒரே அழுத்தம், ஒண்ணும் நடக்காது. நம்ம சின்டர் ஹிப்ல கேன் கிடையாது. அப்ப கேன் வேலைய யாரு பண்றது? சின்டரிங் தான். பீஸோட அடர்த்தி முழு அடர்த்தில 92, 95 சதவீதம் தாண்டினதும் மிச்சம் இருக்கற ஓட்டை எல்லாம் வெளி பரப்போட தொடர்பு அறுந்து உள்ளயே தனித்தனியா நின்னுடும், பீஸோட தோலே கேன் ஆயிடும். அதுக்கு முன்னாடி அழுத்தம் குடுத்தா வேஸ்ட் மட்டும் இல்ல, கெடுதல். இதை அப்புறம் டெஸ்ட் போட்டே பாத்தோம், அந்த இடத்துல சொல்றேன்.

இப்ப சைக்கிள். மொத கட்டம் வேக்ஸ் எடுக்கறது. எங்க பவுடர்ல பாரஃபின் வேக்ஸ் எடைல 2 சதவீதம். ரெண்டு தானேன்னு தோணும், ஆனா வேக்ஸோட அடர்த்தி 0.9, கார்பைடு கிரேடு 14.9, நூறு கிராம் பவுடர்ல வேக்ஸ் மட்டும் 2.2 சிசி, உலோகம் 6.6 சிசி, அதாவது நாலுல ஒரு பங்கு கன அளவு வேக்ஸ் தான். அவ்ளோவும் 200ல இருந்து 450 டிகிரிக்குள்ள ஆவியா வெளிய வரணும். அவசரப்பட்டா பீஸ் உள்ள இருந்து விரிசல் விடும். நாங்க நிமிஷத்துக்கு 1 டிகிரி, தடிமனான ரிங் லோடுல அதுக்கும் கீழ, கொஞ்சமா ஆர்கான் ஓட விட்டு அது வழியா வேக்ஸ் ஆவிய ட்ராப்புக்கு தள்ளறோம். ட்ராப்ல புடிச்ச வேக்ஸை ஒவ்வொரு லோடுக்கும் எடை போட்டு எழுதுவோம். உள்ள போன வேக்ஸும் ட்ராப்ல வந்த வேக்ஸும் கிட்டத்தட்ட ஒத்து போகணும், கொறஞ்சா எங்கயோ பைப்ல உறைஞ்சு நிக்குதுன்னு அர்த்தம், அது பின்னாடி 1000 டிகிரில திரும்ப ஆவியாகி கார்பனா பீஸ் மேல படியும். ட்ராப்புக்கு போற பைப்ல ஹீட்டர் டேப் சுத்தினது அதுக்காக தான்.

ரெண்டாவது கட்டம் 1150 டிகிரில ஒரு ஹோல்டு, பல பேர் இதை சுருக்கிடறாங்க, எனக்கு இதுல தான் உசுரு. பவுடர் மேல ஒட்டியிருக்கற ஆக்ஸைடு இந்த வெப்பத்துல கார்பனோட சேந்து கார்பன் மோனாக்ஸைடா வெளிய போகும். வேக்கம் கேஜை பாத்துக்கிட்டே இருந்தா தெரியும், நல்லா இறங்கி நின்ன முள்ளு திடீர்னு ஏறும், கொஞ்ச நேரம் மேலயே நிக்கும், அப்புறம் மெதுவா பழைய எடத்துக்கு வரும். அது திரும்பி வர்ற வரைக்கும் மேல போகக்கூடாது, ஏன்னா 1280, 1300 டிகிரி பக்கம் திரவம் வந்துடுச்சுன்னா ஓட்டை மூட ஆரம்பிச்சுடும், அந்த கேஸ் உள்ளயே மாட்டிக்கும். எங்க ஃபர்னஸ் அண்ணன் ப்ரோக்ராம்ல இருக்கற நிமிஷத்தை நம்ப மாட்டாரு, "தம்பி, டைமர் முடிஞ்சா என்ன, பீஸ் இன்னும் மூச்சு விட்டுட்டு இருக்குது பாரு, நில்லு"ன்னு சொல்லி ஹோல்டை நீட்டிடுவாரு. அவர் சொன்னதையே கண்ட்ரோலர்ல ஏத்திட்டோம், நேரத்தை வச்சு அடுத்த ஸ்டெப்புக்கு போறதுக்கு பதிலா வேக்கம் குறிப்பிட்ட அளவுக்கு கீழ வந்தா தான் போகும்.

இதுல கார்பன் கணக்கும் மாட்டிக்கிட்டு இருக்கு. டங்ஸ்டன் கார்பைடுல கார்பன் 6.13 சதவீதம், 6 சதவீத கோபால்ட் போட்டா மொத்தத்துல 5.76. இதுல ரெண்டு பக்கமும் சேத்து சதவீதத்துல பத்துல ஒரு பங்கு அளவு தான் ஆட்டம் போட இடம். கொறஞ்சா ஈட்டா ஃபேஸ்னு ஒடையற ஜாதி வந்துடும், கூடினா கிராஃபைட்டா கரும்புள்ளி. ஆக்ஸிஜன் 0.1 சதவீதம் இருந்தா அது 0.075 கார்பனை தின்னுட்டு போகும், அதாவது மழைக்காலத்துல டப்பா மூடாம வச்ச பவுடர் ஒண்ணே போதும் லோடு கெட. அழுத்தம் இதை சரி பண்ணாது. ஹிப் போட்டா எல்லாம் சரியாயிடும்னு நினைக்கறவங்களுக்காக இதை அழுத்தி சொல்றேன்.

அடுத்தது 1410 டிகிரி. இங்க வேக்கத்தை முழுசா விடறது இல்ல, கோபால்ட் ஆவியாகி பரப்புல கொறஞ்சுடும், அதனால சில மில்லிபார் ஆர்கான் வச்சு ஓட்டறோம். பச்சை பீஸ், அதாவது இன்னும் சின்டர் ஆகாத பீஸ், பிரஸ்ஸிங் முடிஞ்சப்ப 55 சதவீத அடர்த்தில இருந்துச்சு, முழுசா மூடும்போது நீளத்துல 18 சதவீதம் சுருங்கும், 60 மில்லிமீட்டர் ரிங் வேணும்னா பச்சைல 73க்கு மேல அடிக்கணும். அந்த சுருக்கம் முக்காவாசி முடிஞ்சு ஓட்டை எல்லாம் தனித்தனியா ஆக எவ்ளோ நேரம்ங்கறது தான் கேள்வி. இதுக்கு நாங்க அழுத்தமே குடுக்காம, 1410ல வேற வேற நேரம் வச்சு, நிறுத்தி, எடுத்து, அடர்த்தி பாத்து, மெழுகு தடவியும் தடவாமலும் தண்ணில எடை போட்டு ஓட்டை வெளிய தெறந்திருக்கா மூடியிருக்கான்னு பாத்தோம். மெழுகு தடவின எடையும் தடவாத எடையும் ஒரே அடர்த்தி சொன்னா தோல் மூடிடுச்சு. மெல்லிசு ரிங்குக்கு சீக்கிரம், தடிச்ச ரிங்குக்கு நடுப்பகுதிக்கு சூடு போய் சேர நேரமாகும். கடைசில தடிச்ச பீஸை கணக்குல வச்சு 40 நிமிஷம்னு முடிவு பண்ணினோம், அதுக்கு அப்புறம் தான் வால்வு தெறக்கும்.

அழுத்தம் ஏத்தறப்ப ஒரு கஷ்டம் வந்துச்சு, இதை ஃபர்னஸ் மேனுவல்ல ஒரு வரில எழுதிட்டு போயிட்டாங்க. பச்ச தண்ணி மாதிரி குளிர்ந்த ஆர்கான் உள்ள வரும்போது பீஸ் வெப்பம் சரியும், வேகமா ஏத்தினா 1410ல இருந்து 1350க்கு கீழயே போயிடும், போதாததுக்கு வேக்கத்துல சும்மா இருந்த கிராஃபைட் ஃபெல்ட் இன்சுலேஷன் இப்ப கனமான கேஸ் நெறஞ்சு சூட்டை வெளிய கடத்த ஆரம்பிக்கும், ஹீட்டருக்கு பவர் ஏகத்துக்கு வேணும். வேக்கத்துக்கு செட் பண்ணின கண்ட்ரோலர் அதை சமாளிக்காது, மொதல்ல கீழ விழும், அப்புறம் பதறிக்கிட்டு மேல தாண்டும். அதனால அழுத்தத்துக்கு தனியா இன்னொரு பிஐடி (கண்ட்ரோலர் ஹீட்டர் பவரை ஏத்தி இறக்கற அளவுகள்) செட், 10 பாருக்கு மேல போனதும் தானா மாறும். ஏத்தற வேகத்தையும் கொறச்சோம், 50 பாருக்கு 20 நிமிஷம். மேல 30 நிமிஷ ஹோல்டு. கூலிங் வாட்டர் வெளிய வர்ற வெப்பத்தை அந்த நேரத்துல கண்ணு எடுக்காம பாக்கணும், வெசல் சுவர் குளிர்ந்து இருக்கறது ஒண்ணு தான் அந்த ஸ்டீலுக்கு பலம். ஹோல்டு முடிஞ்சதும் அழுத்தத்தை விடக்கூடாது, 1250க்கு கீழ திரவம் முழுசா உறையற வரைக்கும் அழுத்தத்தோடயே இறங்கணும், இல்லன்னா உறையும்போது சுருங்கற இடத்துல புதுசா ஓட்டை வரும்.

இப்ப அந்த டெஸ்ட். ஒரே பவுடர் லாட், ஒரே டை, ஒரே டிரே இடம், மூணு விதமா ஓட்டினோம். ஒண்ணு வெறும் வேக்கம். ரெண்டாவது, 1200 டிகிரிலயே, தோல் மூடறதுக்கு முன்ன, 50 பார் குடுத்து அப்படியே 1410க்கு போனது. மூணாவது நம்ம சைக்கிள். ஷாப்ல பாதி பேரு அழுத்தம் எவ்ளோ சீக்கிரம் குடுக்கறோமோ அவ்ளோ நல்லதுன்னு தான் சொல்லிட்டு இருந்தாங்க. பாலிஷ் பண்ணி பாத்தப்ப ரெண்டாவது தான் இருக்கறதுலயே மோசம், வெறும் வேக்கத்தை விட மோசம். காரணம் கணக்குலயே இருக்கு. ஆர்கான் உலோகத்துல கரையாது, ஒரு தடவ உள்ள மாட்டினா வெளிய போக வழி கிடையாது. 50 மில்லிபார் கேஸ் உள்ள மாட்டி, வெளிய 50 பார் குடுத்தா அந்த ஓட்டை கன அளவுல ஆயிரத்துல ஒரு பங்கா சுருங்கும், விட்டத்துல பத்துல ஒரு பங்கு, 20 மைக்ரான் ஓட்டை 2 ஆயிடும், பொருட்டே இல்ல. ஆனா 50 பார் கேஸே உள்ள மாட்டிக்கிச்சுன்னா வெளிய 50 குடுத்து என்ன பிரயோஜனம். அந்த பீஸ்களை திரும்ப ஒரு தடவ அழுத்தம் இல்லாம 1400 டிகிரிக்கு வேக்கத்துல ஏத்தி எறக்கினோம். ரெண்டாவது வகை பீஸ் உப்பிப்போச்சு, அடர்த்தி இறங்கிடுச்சு, உள்ள அடைபட்ட ஆர்கான் விரிஞ்சது அது. மூணாவது வகைல ஒரு மாத்தமும் இல்ல. அந்த ரெண்டு பீஸையும் வெட்டி, பாலிஷ் பண்ணி, மைக்ராஸ்கோப் பக்கத்துலயே வச்சிருக்கோம், புதுசா சேர்ற பசங்களுக்கு காட்டறதுக்கு. விளக்கம் சொல்லி புரிய வைக்கறதை விட அது வேகமா புரியுது.

டெஸ்டிங் பத்தி. அடர்த்தி ஒண்ணை மட்டும் பாத்து பாஸ் பண்றவங்க தயவு செஞ்சு கவனிங்க. 0.1 சதவீத ஓட்டைன்னா 14.9ல 0.015 தான் கொறையும், தராசு, தண்ணி வெப்பம், பீஸ் மேல ஒட்டின காத்து குமிழி, எல்லாம் சேந்து அந்த அளவை முழுங்கிடும். ஆனா அதே 0.1 சதவீதம் லேப்பிங்ல பளிச்சுன்னு தெரியும். அதனால வெட்டி, வைரப் பேஸ்ட்டுல 9, 3, 1 மைக்ரான்னு பாலிஷ் பண்ணி, 100 மடங்குல பாத்து, ஐஎஸ்ஓ 4505 படத்தோட ஒப்பிட்டு தான் சொல்லணும். 10 மைக்ரானுக்கு கீழன்னா ஏ வகை, 10ல இருந்து 25 வரைக்கும் பி வகை, கிராஃபைட்டா இருந்தா சி. எங்களுக்கு வேண்டியது ஏ02, பி00, சி00, பின்னாடி வர்ற நம்பர் எவ்ளோ இருக்குங்கறது, 00ன்னா இல்லவே இல்ல. இங்க ஒரு எச்சரிக்கை, பாலிஷ் சரியில்லன்னா கார்பைடு கிரெய்ன் பேந்து விழுந்த பள்ளம் ஓட்டை மாதிரியே தெரியும். சந்தேகம் வந்தா அதே பீஸை 3 மைக்ரான்ல இருந்து திரும்ப பாலிஷ் பண்ணுங்க, ஓட்டைன்னா அங்கயே நிக்கும், பேந்ததுன்னா எண்ணிக்கை கொறையும். ஈட்டா ஃபேஸ் இருக்கான்னு பாக்க முரகாமி கரைசல்ல சில செகண்ட் மட்டும் முக்கினா போதும், அது மட்டும் பழுப்பா நெறம் மாறும்.

வெட்டாம பாக்கறதுக்கு காந்த டெஸ்ட். காந்த செறிவுல, காந்தமா தெரியற கோபால்ட் சதவீதம் 4.8ல இருந்து 5.7க்குள்ள வந்தா கார்பன் சரியா இருக்குன்னு விடறோம். கோயர்சிவிட்டி (ஏறின காந்தத்தை நீக்க எவ்ளோ எதிர் காந்தப்புலம் வேணுங்கறது) கிரெய்ன் அளவை சொல்லும், கிரெய்ன் வளர்ந்தா அது கொறையும். இதையே ஃபர்னஸ் வெப்ப வரைபடமாவும் பயன்படுத்தலாம், ஒரே பவுடர்ல அடிச்ச பீஸை எல்லா டிரேயோட நடுவுலயும் மூலைலயும் வச்சு ஓட்டி கோயர்சிவிட்டி எடுத்தா எங்க சூடு அதிகம், எங்க கம்மின்னு தெரிஞ்சுடும். டங்ஸ்டன் ரீனியம் தெர்மோகப்பிள் நாளாக ஆக தப்பு காட்டும், அது சொல்ற 1410 நெஜமாவே 1410ஆன்னு பீஸை கேட்டா தான் தெரியும். எங்க கதவு பக்க டிரே ஓரமா சூடு கம்மியா இருந்ததை இப்படி தான் கண்டுபுடிச்சோம், கதவு பக்க இன்சுலேஷன் போர்டை மாத்தின அப்புறம் சரியாச்சு.

ஒரு பிரச்சனை மட்டும் ரொம்ப நாள் இழுத்துச்சு. ஓட்டை எல்லாம் போயிடுச்சு, ஆனா லேப்பிங் முகத்துல அங்கங்க சின்னதா மங்கலா ஒரு திட்டு, மைக்ராஸ்கோப்ல பாத்தா முழுக்க கோபால்ட், கார்பைடே இல்ல. கோபால்ட் லேக்னு சொல்வாங்க. பெரிய ஓட்டை இருந்த இடத்துல அழுத்தம் கோபால்ட் திரவத்தை மட்டும் பிதுக்கி நெரப்பிடும், கார்பைடு கிரெய்ன் கூட வராது. மைக்ராஸ்கோப்ல ஓட்டை கணக்குல அது வராது, ஆனா சீல் முகத்துல அது மெத்து, லேப்பிங்ல கொஞ்சம் உள்வாங்கும், தண்ணில மொதல்ல அரிக்கறதும் அது தான். அப்ப அந்த பெரிய ஓட்டை எங்க இருந்து வந்துச்சுன்னு தேடணும். திட்டோட வடிவத்தை பாத்தா நீளமா, வளைஞ்சு, நூல் மாதிரி. நூலே தான். பிரஸ் டேபிள் தொடைக்க நம்ம ஊர்ல எல்லா ஷாப்லயும் திருப்பூர் பனியன் வேஸ்ட் தான், அதுல இருந்து ஒரு பிசிறு பவுடர் ஹாப்பர்ல விழுந்தா, வேக்ஸ் எடுக்கறப்ப எரிஞ்சு போயிடும், அது இருந்த இடம் குகையா நிக்கும், சின்டர் ஹிப் அதை கோபால்ட் போட்டு நெரப்பும். வேக்கம் சின்டரிங் காலத்துல இது ஓட்டையா தெரிஞ்சுது, இப்ப கோபால்ட் லேக்கா தெரியுது, காரணம் ஒண்ணு தான். பிரஸ் ஷாப்ல பனியன் வேஸ்ட்டை நிறுத்தி பிசிறு விடாத துணி, ஹாப்பருக்கு மூடி, பவுடரை போடறதுக்கு முன்ன ஒரு சல்லடை. திட்டு நின்னுடுச்சு. ஃபர்னஸ்ல எவ்ளோ பணம் போட்டாலும் பிரஸ் ஷாப் சுத்தமா இல்லன்னா அந்த பணம் வீண்.

அதே மாதிரி பிரஸ்ஸிங்ல விழுந்த விரிசல் பரப்பு வரைக்கும் தெறந்திருந்தா அதையும் ஹிப் மூடாது, கேஸ் அந்த விரிசலுக்குள்ளயும் போய் உக்காந்துக்கும். ரிங்கோட உள் ஓரத்துல முடி மாதிரி விரிசல் வந்தா டை வெளியேத்தற கோணத்தை பாருங்க, சைக்கிளை மாத்தி பிரயோஜனம் இல்ல.

ஆர்கான் செலவு. எங்க வெசல்ல காலி இடம் சுமாரா 300 லிட்டர், எல்லாம் அறை வெப்பத்துல இருக்குன்னு வச்சா 50 பாருக்கு 15 கன மீட்டர், உள்ள சூடா இருக்கறதால நெஜத்துல அதை விட கம்மி தான். சிலிண்டர் ஒண்ணுல 47 லிட்டர், 150 பார், 7 கன மீட்டர். ஆனா சிலிண்டர் 50 பாருக்கு இறங்கிட்டா அதுக்கு மேல வெசலுக்குள்ள தள்ளாது, மூணுல ஒரு பங்கு கேஸ் உள்ளயே தங்கிடும். அதனால மேனிஃபோல்டுல சிலிண்டரை ரெண்டு கூட்டமா பிரிச்சு, மொதல்ல பாதி காலியானதுல இருந்து 30 பார் வரைக்கும் ஏத்தி, கடைசி 20 பாருக்கு மட்டும் முழு சிலிண்டரை தொறக்கறோம். இதுலயே கணிசமா மிச்சம். அடுத்த கட்டமா வெளிய விடற ஆர்கானை புடிச்சு, வடிகட்டி, கம்ப்ரஸர் போட்டு திரும்ப பயன்படுத்தணும்.

பாதுகாப்பு விஷயத்தை கடைசில எழுதறேன்னு கொறச்சலா எடுத்துக்காதீங்க. 300 லிட்டர் 50 பார் ஆர்கான் ஒரே அடியா விரிஞ்சா கிட்டத்தட்ட 18 லட்சம் ஜூல், 400 கிராம் டிஎன்டி வெடிமருந்து அளவு. வெசலை டெஸ்ட் பண்றது எப்பவும் தண்ணி அழுத்தத்துல தான், கேஸ்ல இல்ல, தண்ணி சுருங்காததால அதுல சேர்ற சக்தி ரொம்ப கம்மி. கதவு லாக்கிங் ரிங்கோட இன்டர்லாக்கை யாரும் எந்த அவசரத்துக்கும் பைபாஸ் பண்ணக்கூடாது, சேஃப்டி வால்வும் ரப்ச்சர் டிஸ்க்கும் ரெண்டுமே இருக்கணும். அடுத்தது மூச்சு. ஆர்கானுக்கு மணம் இல்ல, நெறம் இல்ல, காத்தை விட கனம், லிட்டருக்கு 1.78 கிராம், காத்து 1.29. ஃபர்னஸுக்கு கீழ பம்ப் வச்சிருக்கற குழில போய் தேங்கும். 100 கன மீட்டர் ரூம்ல 15 கன மீட்டர் ஆர்கான் கலந்தாலே ஆக்ஸிஜன் 20.9ல இருந்து 17.8க்கு இறங்கும், குழிக்குள்ள அதை விட கொறைவு. மூச்சு முட்டற உணர்வே வராது, ஏன்னா ஒடம்பு கவனிக்கறது கார்பன் டை ஆக்ஸைடை தான், நேரா மயக்கம். குழில ஆக்ஸிஜன் சென்சார், 19.5க்கு அலாரம், தனியா யாரும் எறங்கறது இல்ல, விழுந்தவரை தூக்க இன்னொருத்தர் மாஸ்க் இல்லாம எறங்கறதும் இல்ல. ஃபர்னஸ் அண்ணன் குழி ஏணிக்கு பூட்டு போட்டு சாவிய தன் இடுப்புல வச்சிருக்காரு, சார் வந்து கேட்டாலும் மீட்டர் வச்சு பாத்த அப்புறம் தான் குடுப்பாரு, அது சரியான பழக்கம்.

இப்ப நெலம என்னன்னா, 6 சதவீத கோபால்ட் ரிங்குல லேப்பிங் ரிஜெக்ட் ரொம்பவே கொறஞ்சிடுச்சு, ஒடைக்கற டெஸ்ட்ல சராசரி பலம் கூடினது ஒரு பக்கம், அதை விட எனக்கு சந்தோஷம் கொறஞ்ச மதிப்பு காட்டற பீஸ் காணாம போனது தான். கார்பைடுல ஒடைவு ஆரம்பிக்கறது இருக்கறதுலயே பெரிய ஓட்டைல இருந்து, சராசரி ஓட்டைல இருந்து இல்ல. கிரெய்னும் வளரல, ஹார்ட்னஸ் வேக்கம் சின்டரிங் அளவுலயே நிக்குது.

இதே 50 பாரை எல்லா பவுடர் பீஸுக்கும் போடலாமான்னு கேட்டா, முடியாது. ஸ்டெயின்லெஸ் மிம் (உலோக பவுடரை பிளாஸ்டிக் மாதிரி அச்சுக்குள்ள செலுத்தி செய்யற) பார்ட், டைட்டானியம் எல்லாம் திரவம் இல்லாம திட நிலைலயே சின்டர் ஆகறது, அதுக்கு கெட்டியான உலோகத்தையே நெகிழ வைக்கணும், 6-4 டைட்டானியத்துக்கு (6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம்) வழக்கமா 920 டிகிரி, 1000 பார், 2 மணி நேரம்னு தனி ஹிப்புக்கு தான் போகணும்.

அடுத்து கைல எடுத்திருக்கறது 6 சதவீத நிக்கல் கிரேடு, உப்புத்தண்ணி, கெமிக்கல் பம்ப்புக்கு கேக்கறாங்க. நிக்கல் கோபால்ட் அளவுக்கு சுலபமா மூடாது, அதனால இந்த ஃபர்னஸ் இல்லாம அதை நெனச்சே பாக்க முடியாது, ஆனா காந்த டெஸ்ட்டை கோபால்ட்ல நம்பற மாதிரி அதுல நம்ப முடியாது, கார்பன் சரியான்னு ஒவ்வொரு லோடுலயும் வெட்டி தான் பாக்கணும். 1410க்கு பதிலா கொஞ்சம் மேல 1440ல இருந்து ஆரம்பிச்சு, மெழுகு தடவி எடை போடற அதே வழில தோல் மூடற நேரத்தை மொதல்ல கண்டுபுடிக்கறோம். அது கையில வந்த அப்புறம் தான் ஆர்கான் வால்வு நேரத்தை ப்ரோக்ராம்ல எழுதுவோம்.